ஒரே மத்தியானத்துல மரக் கடிகாரமா? எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் மும்பை தாராவி 90 ஃபீட் ரோட்டுல இருந்து எழுதுறேன். மாநகராட்சி தமிழ் மீடியம் ஸ்கூல்ல 31 வருஷம் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. நம்ம பேப்பர காலைல டீயோட வாசிக்கலன்னா அன்னைக்கு பொழுதே விடியாது எனக்கு, ஆனா லெட்டர் எழுதுறது இதான் முதல் தடவ, அதனால நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க, அளவு சொல்ற எடத்த மட்டும் வெட்டிராதீங்க, அதுக்காகத்தான் இத எழுதவே உக்காந்தேன்.

ஏப்ரல்ல பிள்ளைங்களுக்கு லீவு விடுற சமயம் ஞாயிறு இணைப்புல, வீட்டிலேயே மரக் கடிகாரம் செய்யலாம்னு அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. ஒரு மரத்துண்டு, ஒரு கடிகார மெஷின், மூணு முள்ளு, ஒரு பென்சில் செல், ஒரே மத்தியானம், வேலை முடிஞ்சுது, அவ்ளோதான் கட்டுரை. பக்கத்துல கலர் போட்டோ. மரத்த குறுக்கால அறுத்த வட்டத்துண்டு, பட்டை கூட உரிக்காம அப்படியே, அதுல தமிழ் நம்பர், முள்ளு ரெண்டும் 10:10ல நிக்குது. (விளம்பரத்துல வர்ற எந்த கடிகாரமும் 10:10 தவிர வேற மணி காட்டி நான் பாத்ததில்ல, அது ஒரு பக்கம் இருக்கட்டும்.) பாத்த உடனே எனக்கு ஆசை வந்துட்டு. ரிட்டயர் ஆன பொம்பளைக்கு மத்தியானம்தான் நிறைய இருக்கே.

கட்டுரை எழுதினவங்க அந்த கடிகாரத்த தன் கையால செஞ்சிருந்தா கண்டிப்பா சொல்லியிருக்க வேண்டிய நாலஞ்சு விஷயம் அதுல இல்ல. அது இல்லாததால நான் ரெண்டு பலகைய வீணாக்கினேன், ஒரு மெஷின உடைச்சேன், வீட்டுல எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கினேன். என்னை மாதிரி எத்தனை பேரு பேப்பர கத்தரிச்சு வச்சுக்கிட்டு இறங்கினாங்களோ தெரியாது. அதான் எழுதுறேன்.

முதல்ல அந்த வட்டத்துண்டு. மே மாசம் மழைக்கு முன்னாடி ரோட்டோரத்துல கிளை வெட்டுவாங்கல்ல, அப்படி வெட்டிப் போட்ட குல்மோஹர் கிளை ஒண்ணு எங்க பில்டிங் வாசல்ல கெடந்துச்சு, நல்ல தடிமன். (மும்பைல மரத்துல நாமளா கைவச்சுரக் கூடாது, 1975லயே மகாராஷ்டிரால அதுக்கு சட்டம் வந்துட்டு, நான் எடுத்தது கீழ கெடந்ததுதான்.) கீழ கடை வச்சிருக்க சுதார்கிட்ட, ஊர்ல ஆசாரின்னு சொல்றோமே அவருதான், குடுத்து ரெண்டு அங்குலத்துல ஒரு வட்டம் அறுத்து வாங்கினேன். அவரு அறுக்கும்போதே "டீச்சர், இது பச்சை மரம், நிக்காது"ன்னு ஹிந்தில சொன்னாரு, நான் கேக்கல, பேப்பர்ல போட்டிருக்குன்னேன். சீக்கிரம் காயட்டும்னு மொட்டைமாடி வெயில்ல நாலு நாள் வச்சேன். அஞ்சாவது நாள் போய்ப் பாத்தா வெள்ளரிப்பழம் வெடிச்ச மாதிரி நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் ஒரு வெடிப்பு, உள்ள விரல விட்டு ஆட்டலாம்.

ஏன்னு பெறகுதான் புரிஞ்சுது. மரம் காயும்போது எல்லா பக்கமும் ஒரே அளவுல சுருங்காது. நீளவாக்குல சுருக்கம் இல்லன்னே சொல்லலாம், நடுவுல இருந்து பட்டை பக்கமா கொஞ்சம் சுருங்கும், வளையத்த ஒட்டி சுத்துவாக்குல அதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சுருங்கும். முழு வட்டத்துண்டுல சுத்தளவு அவ்ளோ சுருங்கப் பாக்குது, உள்ள இருக்க மரம் விடமாட்டேங்குது, அப்போ எங்கயாவது ஒரு எடத்துல பிளந்துதான் ஆகணும். வெயில்ல வச்சா இன்னும் வேகமா பிளக்கும். ஆக அந்த போட்டோல இருந்த துண்டு ஒண்ணு பல மாசம் நிழல்ல காஞ்சு தப்பிச்ச துண்டா இருக்கணும், இல்ல அறுத்த அன்னைக்கே போட்டோ எடுத்திருக்கணும். நான் ரெண்டாவதுன்னுதான் நினைக்கேன், கோவிச்சுக்காதீங்க.

சரி, பலகையில செய்வோம்னு அடுத்து இறங்கினேன். தாராவில பழைய மரப்பெட்டி, பேலட்டுன்னு சொல்ற சரக்கு அடுக்குற மரத்தட்டு கிடைக்கிறதுக்கு பஞ்சமே இல்ல, ஹார்பர்ல சரக்கு இறங்கின பெறகு எல்லாம் இங்கதான வந்து சேருது. பைன் மரம், லேசா இருக்கும், ரேகை அழகா இருக்கும். இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கணும், வெளிநாட்டு சரக்கோட வர்ற பேலட்டுல கோதுமைக்கதிர் மாதிரி ஒரு படம் போட்டு முத்திரை குத்தியிருப்பாங்க, அதுல ஹெச்.டி.ன்னு இருந்தா சூடு பண்ணி பூச்சி கொன்ன மரம், எடுக்கலாம். எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடுங்கற விஷப்புகை போட்டது, அத அறுத்து இழைச்சு தூசிய மூச்சுல இழுக்கற வேலையே வேணாம், வச்சுட்டு வந்துரணும். முத்திரையே இல்லன்னாலும் எண்ணெய் கறை, கெமிக்கல் வாடை இருக்கான்னு மோந்து பாத்துட்டு எடுங்க.

மெஷின் க்ராஃபோர்டு மார்க்கெட் பக்கத்து சந்துல வாங்கினேன், ட்ரில் பிட்டு, உப்புத்தாள் எல்லாம் நாக்தேவி ஸ்ட்ரீட்ல. மெஷின் குஜராத் மோர்பிலருந்து வர்றதுன்னு கடைக்காரர் சொன்னாரு, அந்த ஊரு சுவர்க்கடிகாரத்துக்கே பேர்போன ஊரு. கருப்பு பிளாஸ்டிக் டப்பா, சதுரம், 5.6 செ.மீ. பக்கம், முன்னாடி ஒரு திருகு நீட்டிக்கிட்டு இருக்கும், அந்த திருகுதான் பலகை ஓட்டைக்குள்ள நுழைஞ்சு முன்பக்கம் எட்டிப்பாக்கணும், அதுல வாஷர் போட்டு நட்டு முறுக்கினாத்தான் மெஷின் பலகைல நிக்கும், அதுக்கு மேலதான் முள்ளு.

இங்கதான் ஐயா உங்க கட்டுரையோட பெரிய ஓட்டை. என் பலகை 18 மில்லிமீட்டர். மெஷின் திருகு 6 மில்லிமீட்டர். எட்டிப்பாக்கவே இல்ல! கெணத்துக்குள்ள விழுந்த வாளி மாதிரி உள்ளயே கெடக்கு. மெஷின் வாங்கும்போது திருகு நீளம் கேட்டு வாங்கணும்னு ஒரு வரி, ஒரே ஒரு வரி போட்டிருக்கலாம். பலகை கனத்தவிட திருகு குறைஞ்சது 3, 4 மில்லிமீட்டர் கூட இருக்கணும், வாஷரும் நட்டும் உக்காரணும்ல. நீள திருகு மெஷினும் தனியா விக்கிறாங்க, கேட்டாத்தான் எடுத்துக் குடுப்பாங்க, கேக்கலன்னா சின்னதுதான் கையில வரும். அது கிடைக்கலன்னா பலகை பின்பக்கம் மெஷின் உக்கார 6 செ.மீ. சதுரத்துல பள்ளம் வெட்டணும், உளியால கொஞ்சம் கொஞ்சமா. நான் வெட்டினேன். திருகு 6 மில்லிமீட்டர்தானே, அப்போ நடுவுல மரம் 3 மில்லிமீட்டர்கூட மிஞ்சக் கூடாது, அவ்ளோ மெல்லிசா வெட்டப்போய் உளி முன்பக்கமா வெளிய வந்துட்டு. பள்ளத்துல திணிச்ச வேகத்துல மெஷினோட கொக்கி வேற ஒடிஞ்சுது. எங்க வீட்டுக்காரர் டீய குடிச்சுக்கிட்டே "டீச்சர் இன்னைக்கு ஹோம்வொர்க் முடிச்சாச்சா"ன்னு கேட்டாரு. ஒண்ணும் பேசல நான்.

முன்பக்க ஓட்டைய மறைக்க ஒரு பித்தளை வில்லைய ஒட்டி, வேற மெஷின் வாங்கி மாட்டி ஜூன் கடைசில சுவத்துல ஏத்தினேன். நம்பர் எல்லாம் மரத்துலயே சின்னச் சின்னதா வெட்டி மேல ஒட்டியிருந்தேன், பாக்க ஜோராத்தான் இருந்துச்சு. ஜூலை மழை பிடிச்சுது. உங்களுக்கு மும்பை மழை தெரியும், மாசக்கணக்குல துணி காயாது, காத்துல ஈரம் 80 சதவீதத்துக்கு மேல, உப்பு டப்பால தண்ணி கோக்கும். பலகை அந்த ஈரத்த குடிச்சு அகலவாக்குல உப்பி, ரெண்டு ஓரமும் முன்னாடி எழும்பி லேசா தட்டு மாதிரி வளைஞ்சுட்டு. பெரிய முள்ளு நுனி சுத்தி வரும்போது 8, 9 நம்பர் மேல உரச ஆரம்பிச்சுது. உரசினா நிக்கும், கொஞ்ச நேரம் திணறும், பெறகு தாண்டும். கடிகாரம் ஓடுற மாதிரியேதான் இருக்கும், ஆனா சாயங்காலம் பாத்தா அரைமணி, முக்கால்மணி ஸ்லோ.

எங்க வீட்டுக்காரர் ரயில்வேல சிக்னல் பிரிவுல இருந்தவரு, நேரம்னா அவருக்கு உசுரு. ஒருநாள் கைக்கடிகாரத்தையும் சுவத்தையும் மாறி மாறி பாத்துட்டு சொன்னாரு, "தப்பு சொல்லாத, உன் கடிகாரம் பம்பாய் டைம் காட்டுது." எனக்கு அப்பதான் அந்தக் கதையே தெரியும். இந்தியா முழுக்க ஒரே நேரம்னு 1906ல வந்த பெறகும் பம்பாய் ஊரு ஒத்துக்கலயாம், 1955 வரைக்கும் தனக்குன்னு ஒரு டைம் வச்சிருந்துச்சாம், இந்திய நேரத்துக்கு 39 நிமிஷம் பின்னாடி. அதுக்கும் முன்னாடி ரயிலெல்லாம் மெட்ராஸ் டைம்ல ஓடுச்சாம், அது பம்பாய் டைமவிட சுமார் அரைமணி முன்ன. ஊருல ஒரு மணி, ஸ்டேஷன்ல ஒரு மணி. நம்ம மெட்ராஸ் டைம பாத்து பம்பாய்க்காரங்க ரயில் பிடிச்சிருக்காங்கன்னு கேக்க எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி, ஆனா கடிகாரம் ஸ்லோவாத்தான ஓடுது, அந்த குஷிய வெளிய காட்ட முடியல.

இன்னொரு விஷயமும் அப்பதான் கவனிச்சேன், நீங்களும் உங்க வீட்டுல பாருங்க. செல்லு தீரப்போற கடிகாரத்துல செகண்ட் முள்ளு பெரும்பாலும் 9 பக்கத்துலதான் நின்னு துடிக்கும். 12ல இருந்து 6 வரைக்கும் முள்ளு இறக்கத்துல வருது, 6ல இருந்து 12க்கு ஏறணும், அதுல 9ல முள்ளு படுத்தவாக்குல இருக்கறதால அந்த எடத்துலதான் கனம் அதிகமா இழுக்கும். செல்லுல தெம்பு இல்லன்னா அங்க ஏற முடியாம இந்தா இந்தான்னு துடிக்கும். அலங்காரமா இருக்கட்டும்னு மரத்துலயே நீளமா முள்ளு வெட்டி மாட்டறவங்களுக்கும் இதே கதிதான். சாதா மெஷினுக்கு அது கூட வர்ற அலுமினிய முள்ளு போதும், பெருசு வேணும்னா அதிக சக்தியுள்ள மெஷின்னு தனியா கேட்டு வாங்கணும்.

மெஷின் விஷயத்துல இன்னொரு சண்டையும் வீட்டுல நடந்துச்சு. டிக் டிக்னு தாவி ஓடுற மெஷின் ஒண்ணு, சத்தமே இல்லாம வழுக்கிட்டு ஓடுறது ஒண்ணு, ரெண்டும் கிடைக்கும். மருமக சத்தமில்லாதது வாங்குங்கத்தைன்னா, ரூம் சின்னது, ராத்திரி காதுக்குள்ளயே ஓடும்னா, அவ சொல்றதும் ஞாயம்தான். ஆனா எங்க மாமியாருக்கு வயசு 88, கண்ணு சரியா தெரியாது, அவங்க சொன்னாங்க, "சத்தம் வந்தாத்தானட்டி கடிகாரம் ஓடுதுன்னு எனக்குத் தெரியும்." அதுக்கு மேல பேச்சு இல்ல, டிக் டிக்தான். இங்க ஃபோர்ட் ஏரியால யூனிவர்சிட்டிக்குள்ள ராஜாபாய் டவர்னு மணிக்கூண்டு இருக்குல்ல, 280 அடி, 1878ல கட்டி முடிச்சது, அதுக்கு பணம் குடுத்த பிரேம்சந்த் ராய்சந்த் தன் அம்மா பேரத்தான் அதுக்கு வச்சாரு. அந்தம்மாவுக்கு கண்ணு தெரியாது, ஜைனங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுறணும், மணிச்சத்தம் கேட்டு நேரம் தெரிஞ்சுக்கட்டும்னு கட்டினதா சொல்வாங்க. நான் 280 அடிக்கு எங்க போக, ஒரு டிக் டிக் மெஷின் வாங்கினேன் மாமியாருக்கு.

அந்த டிக்குக்குள்ள என்ன நடக்குதுன்னு பேரனுக்கு சொல்லிக் குடுத்ததுதான் இந்த அஞ்சு மாசத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச பொழுது. உள்ள ஒரு குட்டி குவார்ட்ஸ் படிகம் இருக்கு, செல்லு கரண்டு பட்டா செகண்டுக்கு 32,768 தடவ அதிரும். ஏன் இப்படி ஒரு நம்பர்னு கேட்டான். 2ஐ 2ஆல பெருக்கு, திரும்ப 2ஆல பெருக்கு, 15 ரெண்டு போட்டுப் பெருக்கினா என்ன வருதுன்னு பாருன்னேன், விரல மடக்கி மடக்கி வந்தான், கடைசில 32,768. அத 15 தடவ பாதி பாதியா கொறைச்சா செகண்டுக்கு ஒரே ஒரு துடிப்பு மிஞ்சும், அந்த ஒரு துடிப்புல மோட்டார் முள்ள 6 டிகிரி நகத்தும், 60 தடவ 6 டிகிரி 360, ஒரு சுத்து. "ஆச்சி, இத ஏன் ஸ்கூல்ல இப்படி சொல்லல"ன்னான். ரிட்டயர் ஆன பெறகு கிடைச்ச அவார்டு.

மூணாவது கடிகாரம்தான் உருப்படியா வந்துச்சு. மாட்டுங்கால எங்க நாத்தனார் இருந்த பழைய பில்டிங்க இடிக்கிறாங்க, ரீடெவலப்மென்ட். அந்தக் காலத்து பில்டிங் எல்லாம் பர்மா தேக்குல்ல, உத்தரம், கதவு, ஜன்னல் எல்லாத்து மேலயும் கபாடிக்காரன், அதான் பழைய சாமான் எடுக்கறவன், கண்ணு வச்சிருந்தான், அவன் வர்றதுக்குள்ள ஒரு ஜன்னல் கதவ நாத்தனார் எனக்காக எடுத்து வச்சிருந்தாங்க. அந்த மரம் இத்தனை வருஷமா எத்தனை மழை பாத்திருக்கும், காய வேண்டியது எல்லாம் காஞ்சு, வளைய வேண்டியது வளைஞ்சு முடிச்சு அடங்கிப்போன மரம். சுதார் தடவிப் பாத்துட்டு ஒரு நிமிஷம் ஒண்ணும் சொல்லல. இழைப்புளி ஓட்டினப்போ வந்த அந்த வாசனை இருக்கே, கடை வாசல்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தவன் எல்லாம் உள்ள எட்டிப் பாத்தான்.

பழைய மரத்துல ரெண்டு எச்சரிக்கை. உள்ள ஆணி புதைஞ்சிருக்கும், மேல தெரியாது, ரம்பம் பட்டா பல்லு போயிரும், உடைஞ்ச ஸ்பீக்கர்ல இருந்து காந்தம் எடுத்து பலகை மேல இழுத்துக்கிட்டே போங்க, ஒட்டுற எடத்துல ஆணி. எனக்கு நாலு கிடைச்சுது. ரெண்டாவது, பழைய பெயின்ட். இப்பதான் வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2017ல இருந்து விதி, அதுக்கு முந்தின பெயின்ட்ல எவ்ளோ இருக்கும்னு சொல்ல முடியாது, அத வறட்டுல உப்புத்தாள் போட்டு தேய்ச்சா தூசியா பறக்கும், சின்னப் பிள்ளைங்க இருக்க வீட்டுல அந்த வேலையே கூடாது. நான் பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, ஈரத்தோட சுரண்டி எடுத்தேன், சுரண்டினத பேப்பர்ல சுத்தி தனியா போட்டேன்.

ஜன்னல் பலகை ஒண்ணொண்ணும் 5 அங்குல அகலம்தான், மூணு சேத்து ஒட்டினாத்தான் ஒரு அடிக்கு மேல வரும். ஃபெவிகால்தான், 1959ல இருந்து இதே மும்பைக்காரங்க பண்ற பொருளு, வேற எதுக்கு அலையணும். கிளாம்ப் இல்ல எங்கிட்ட. சைக்கிள் டியூப வெட்டி இறுக்கிச் சுத்தி, நடுவுல ஆப்பு அடிச்சு, மேல எங்க வீட்டு அம்மிக்கல்ல தூக்கி வச்சேன், ஒருநாள் முழுக்க. (அம்மி இல்லாம அன்னைக்கு மிக்ஸி சட்னி. அதுக்கும் பேச்சு.) வட்டமா அறுத்துக் குடுத்தது சுதார், ஜிக்சாங்கற கரண்டு ரம்பத்துல ரெண்டே நிமிஷம், அது நம்மால ஆகாது, ஆகும்னு கட்டுரையில எழுதாதீங்க, கை போயிரும்.

வட்டத்துக்கு மையம் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன், இத கண்டிப்பா போடுங்க. உங்க பேப்பரையே எடுங்க, அதோட மூலை செங்கோணம்தானே. அந்த மூலைய வட்டத்தோட விளிம்புல சரியா வச்சு, பேப்பரோட ரெண்டு ஓரமும் விளிம்ப எங்கெங்க வெட்டுதோ அங்க புள்ளி வச்சு கோடு போட்டா அதான் விட்டம். வேற எடத்துல மூலைய வச்சு இன்னொண்ணு போடுங்க, ரெண்டு கோடும் வெட்டுற எடம் மையம். அடுத்து 12 நம்பருக்கு எடம் பிரிக்க பாகைமானியே வேணாம். வட்டத்தோட ஆரம் எவ்ளோவோ அதே அளவு காம்பஸ வச்சு சுத்திக்கிட்டே போனா கரெக்டா 6 தடவைல தொடங்கின எடத்துக்கு வந்து நிக்கும், ஒவ்வொண்ணையும் பாதியாக்கினா 12. ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைக்கு நான் வருஷக்கணக்கா போர்டுல போட்டுக் காட்டினது, மரத்துல போட்டுப் பாத்தது இப்பதான்.

இந்தத் தடவ நீளத் திருகு மெஷின். பலகை இழைச்சு முடிச்சு 20 மில்லிமீட்டர், திருகு 14, பின்னாடி பள்ளம் வெட்டி நடுவுல 10 மில்லிமீட்டர் விட்டேன், வாஷர் நட்டுக்கு 4 மிஞ்சுது. ஓட்டை 8 மில்லிமீட்டர் பிட்டு, ரொம்ப இறுக்கமா இருந்தா அரை மில்லி கூட்டிக்கலாம். முள்ளு மாட்டும்போது மூணையும் 12லயே நேரா நிறுத்தி மாட்டணும், இல்லன்னா மணி அடிக்கிற நேரத்துல சின்ன முள்ளு ரெண்டு நம்பருக்கு நடுவுல நிக்கும், பாக்குறவனுக்கு பைத்தியம் பிடிக்கும். அதுக்கப்புறம் பின்னாடி சக்கரத்த திருகி டைம் வச்சுக்கலாம், முள்ள கையால தள்ளாதீங்க.

இனி தமிழ் நம்பர். இதுக்குத்தான் எனக்கு கோவமே. உங்க போட்டோல 10க்கு ௰ போட்டிருக்கு, நல்லது, ஆனா 11க்கு ௧௧, 12க்கு ௧௨! இது எந்த ஊரு கணக்கு? பழைய முறையில போடறதா இருந்தா பத்து ௰, பதினொண்ணு ௰௧, பன்னெண்டு ௰௨. இப்பத்த மாதிரி இடமதிப்பு வச்சு போடறதா இருந்தா ௧௦, ௧௧, ௧௨. ரெண்டுல எதுன்னாலும் சரி, கலந்து போட்டா தப்பு. பழைய தமிழ் முறையில பூஜ்யத்துக்குன்னு குறியே கிடையாது, பத்து, நூறு, ஆயிரத்துக்கு தனித்தனி எழுத்து இருந்துச்சு, தேவைப்படல. கம்ப்யூட்டர் யூனிகோட்லயே தமிழ் பூஜ்யம் 2005லதான் வந்து சேர்ந்துச்சு. என் கடிகாரத்துல பழைய முறைதான்.

சின்ன வயசுல மனப்பாடம் பண்ண ஒரு வாக்கியம் இருக்கு பாருங்க, கடுகு உளுந்து ஙனைச்சு சமைச்சு ருசிச்சு சாப்பிட்டேன் என அவன் கூறினான், ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்தும் 1ல இருந்து 9 வரைக்கும். க, உ, ங, ச, ரு, சா, எ, அ, கூ. அச்சு அசலா அதே எழுத்து இல்ல, கிட்டத்தட்ட, ஆனா ஞாபகம் வச்சுக்க போதும். பேரன் ௭ஐ பாத்துட்டு எ-ன்னுதான் வாசிச்சான், மணி எ ஆகுதுன்னான். இங்க பெஸ்ட்னு சொல்ற டவுன் பஸ் நெத்தில நம்பர் மராத்தில போட்டிருக்கும், ஊர்லருந்து புதுசா வந்தவங்க முழிப்பாங்க, இவன் தூரத்துல வரும்போதே சொல்லிருவான். மராத்தி நம்பர் வருது, தமிழ் நம்பர் தெரியல. அவன குத்தம் சொல்ல முடியாது, அவன் கண்ணு படுற எடத்துல அது எங்கயும் இல்லயே. இப்போ கடிகாரம் மாட்டி மூணு வாரத்துல அவனும் வாசிக்கான், எதிர்வீட்டு மராத்தி வீட்டம்மாவும் வாசிக்காங்க, ௪ பாத்தா சாய்க்கு பால் வைக்கணும்னு அவங்களுக்கு தெரிஞ்சுபோச்சு.

நம்பர ஒட்டல இந்தத் தடவ, முள்ளு உரசற வம்பே வேணாம்னு வீட்டுக்காரரோட சால்டரிங் அயர்ன் எடுத்து மரத்துல சுட்டே எழுதினேன். மொதல்ல பென்சில்ல எழுதி, வேஸ்ட் துண்டுல பத்து தடவ பழகிட்டு, மெதுவா. அவசரப்பட்டா கோடு கருகி பரவும். புகை வரும், ஜன்னல தொறந்து வச்சுக்கணும். ௫ மட்டும் எனக்கு கொஞ்சம் கோணிப்போச்சு, விட்டுட்டேன்.

உப்புத்தாள் 80, 120, 220ன்னு வரிசையா, ரேகை ஓடுற பக்கமாவே தேய்க்கணும், குறுக்க தேய்ச்சா கீறல் பாலிஷ் போட்ட பெறகு பல்ல இளிக்கும். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம், மரத்தூசி நல்லதில்ல, வருஷக்கணக்கா இழுத்தா புத்துநோய் வரைக்கும் போகும்னு ஆராய்ச்சி சொல்லுது. பாலிஷுக்கு நான் அவலரக்கு வாங்கினேன், அவல் மாதிரி தட்டையா இருக்கும் அதான் அந்த பேரு, ஸ்பிரிட்டுல ஊறவச்சா கரையும். ஆகஸ்ட் மழைல அவசரப்பட்டு அடிச்சேன், பால் ஊத்தின மாதிரி வெள்ளையா பூத்துப்போச்சு. காத்து ஈரத்த அரக்கு பிடிச்சுக்கிட்டா அப்படித்தான் ஆகுமாம், சுதார் சிரிச்சாரு. ஸ்பிரிட்டு தொட்டு துடைச்சு, கணபதி விசர்ஜன் எல்லாம் முடிஞ்சு வெயில் வந்த பெறகு திரும்ப அடிச்சேன், கண்ணாடி மாதிரி வந்துச்சு. சில பேரு ஆளிவிதை எண்ணெய் போடச் சொல்வாங்க, போடலாம், ஆனா எண்ணெய் தொட்ட துணிய சுருட்டி மூலைல போட்டுறாதீங்க, தானா சூடேறி தீப்பிடிச்சுரும், நெருப்பே வேண்டியதில்ல. விரிச்சு காயப்போடணும், இல்ல தண்ணில முக்கி வைக்கணும்.

மாட்டும்போது மெஷின் முதுகுல இருக்க பிளாஸ்டிக் கொக்கில மாட்டாதீங்க, அது லேசான கடிகாரத்துக்கு, தேக்கு கனம் தாங்காது. பலகை பின்னாடி மேல்பாதில தகட்டுக் கொக்கி ஒண்ணு ஸ்க்ரூ போட்டு, சுவத்துல பிளக் இறக்கி மாட்டணும்.

ஐயா, நான் கேக்கறது இவ்ளோதான். தீபாவளி லீவுல பிள்ளைங்க திரும்ப இதுல இறங்கும், அதுக்கு முன்னாடி அந்தக் கட்டுரைக்கு திருத்தம் ஒண்ணு போடுங்க, கட்டம் கட்டி. பச்சை மர வட்டத்துண்டு வேணாம். திருகு நீளம் கேட்டு வாங்கணும். ௰க்கு அடுத்தது ௰௧. இந்த மூணாவது கண்டிப்பா. ஒரே மத்தியானம்ங்கறதையும் எடுத்துருங்க, காஞ்ச பலகை கைல இருந்தாலே நாலு நாள் ஆகும், ஒட்டுறதுக்கு ஒண்ணு, இழைச்சு தேய்க்க ஒண்ணு, பாலிஷ் காய ரெண்டு.

என் கடிகாரத்து போட்டோ இதோட அனுப்பியிருக்கேன், போடறதும் போடாததும் உங்க இஷ்டம். அதுல மணி 10:10 இல்ல, 4:37. எடுத்தப்போ அதான் மணி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர்,
90 ஃபீட் ரோடு, தாராவி, மும்பை.